சனிக்கிழமை எண்ணெய் குளித்த மோட்டார் சைக்கிள்

தேதி கேட்டால் சொல்லத் தெரியாது. பம்பாயில் கடைசி டிராம் ஓடி நின்றதற்கு மறு வருடம், மழை விட்ட சமயம். அது மட்டும் நிச்சயம். போன வாரம் நவி மும்பை கோபர்கைரனேயில் எங்கள் பக்கத்து வீட்டில் தேங்காய் எண்ணெயில் நேந்திரங்காய் வறுத்தார்கள். வாசனை வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் நாக்கில் எச்சில் ஊறியது. எனக்கு ஒரு மோட்டார் சைக்கிளின் முன் சக்கரம் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. குடியிருப்பு தாராவியில், வேலை மாதுங்காவில் தேவசகாயம் அண்ணன் பட்டறையில். அண்ணனும் எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தகரக் கூரை, ஒரு மரப்பெட்டி, மீதி எல்லாம் பிளாட்பாரம். பெட்ரோல், கிரீஸ், பக்கத்து ஓட்டல் ரசம் மூன்றும் கலந்து அடிக்கும். சட்டையை எத்தனை துவைத்தாலும் ரசம் மட்டும் போகாது.

வண்டி விச்சு சாருடையது. பாலக்காட்டுக்காரர், கோட்டைப் பக்கம் ஆபீஸில் குமாஸ்தா. கல்யாணமாகி மூன்று மாதம். வண்டி ஓடும்போது முன் சக்கரத்தில் கீச் கீச்சென்று ஒரு சத்தம். அதற்காகவே அவர் மனைவி ஜானகி அம்மா பின்னால் உட்கார மாட்டேன் என்றுவிட்டார்.

“தெருவே திரும்பிப் பாக்கறது. நான் பஸ்ஸுல வரேன். நீங்கோ உங்க எலிக்குஞ்சோட வாங்கோ.”

ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் அம்மா வீட்டுக்கு, வண்டி நடுவழியில் கத்திவிடும் என்று, ஜானகி அம்மா பஸ்ஸில் போவார். விச்சு சார் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் போவார். ஸ்டாப்பில் பஸ் நின்றால் இவரும் நிற்பார். புது மாப்பிள்ளைக்கு இப்படி ஓர் ஊர்வலம்.

அந்தச் சத்தத்தைப் பிடிப்பது என் பொறுப்பு. ஞாயிறு காலையில் வண்டியைக் கொண்டு வருவார். சக்கரத்தைத் தூக்கி வைத்துச் சுற்றினால் மூச்சுக்கூட விடாது. ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை பேரிங் பக்கமும் மறுமுனையைக் காதிலும் வைத்து, டாக்டர் மாதிரிக் கண்ணை மூடிக் கேட்டேன். ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். மட்கார்டை ஆட்டினேன். மீட்டர் கேபிளை மாற்றினேன். உள்ளே பிரேக் இருக்கும் டிரம்மைக் கழற்றிப் பார்க்க மட்டும் புத்தி போகவில்லை. பிரேக் பிடித்தால்தானே பிரேக் கத்தும், இது ஓடும்போது கத்துகிறது என்று நினைத்தேன். பெரிய கெட்டிக்காரன்! புதன்கிழமை ஆபீஸ் விட்டு அவர் வரும்போது தெருமுனையிலேயே மறுபடி கீச் கீச்.

மூன்று ஞாயிறு இப்படியே. தேவசகாயம் அண்ணன் சர்ச்சில் காலை ஆராதனை முடித்துவிட்டுத்தான் கடை திறப்பார். வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏல, ஞாயித்துக்கெழம மட்டும் வாயத் தொறக்காத வண்டிய இப்பந்தாம்ல பாக்கேன். இதென்ன, ஓய்வுநாள் பாக்குற வேதக்கார வண்டியா?”

நாலாவது ஞாயிறு ஜானகி அம்மாவும் வந்தார். தலையில் மல்லிகை, கையில் டிபன் கேரியர். “கார்த்தாலேர்ந்து சத்தமே இல்லை. சரி, இன்னிக்கு ஏறறேன்” என்றார். விச்சு சாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

“ஒரே ஒரு ரவுண்டு போய்ட்டு வந்திருதேன் சார்” என்று வண்டியை எடுத்தேன். மார்க்கெட் பக்கம் கைவண்டி ஒன்று குறுக்கே வந்தது. முன் பிரேக்கை அழுத்தினேன். லீவர் வந்தது, வண்டி நிற்கவில்லை. சூடான தேங்காய் எண்ணெய் வாசனை குப்பென்று வந்தது. பின் பிரேக் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். அதையும் மிதித்தேன். ஈர வாழைமட்டையில் சக்கரம் வழுக்கி, நான் வாழையிலைக் கட்டுகளின் மேல் போய் உட்கார்ந்தேன். இலைக்காரம்மாவும் எங்கள் ஊர்க்காரிதான்.

“சோறு வைக்கிற எலையில நீ எதுக்குலே வந்து உக்காருத?”

தலையில் இலைக் கிழிசலோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். “சார், சக்கரத்துல எண்ண விட்டியளா?”

விச்சு சார் பெருமையாகச் சொன்னார். “சனிக்கிழமை தவறாம. நான் எண்ணெ தேச்சுக்கறச்சே அதோட இடுக்குலயும் ரெண்டு கரண்டி விட்டுடுவேன். அதுவும் சூடாகற ஜீவன்தானே?”

சனியன்று குளித்த வண்டி ஞாயிறு பேசாது. எண்ணெய் தீய்ந்து போனதும் புதனன்று கத்தும். கத்தியது, உள்ளே டிரம்மில் உரசிக்கொண்டிருந்த பிரேக் கட்டை. எண்ணெய் பட்டதும் அது வழுக்கத் தொடங்கிவிட்டது.

“சீயக்காயும் தேச்சியளா சார்?” என்றார் அண்ணன். நாங்கள் சிரித்தோம். ஜானகி அம்மா சிரிக்கவில்லை. நடுத்தெரு என்றும் பாராமல் புருஷனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். “இத்தனை நாளும் இதுலயா லாரிக்கு நடுவுல ஓட்டிண்டு வந்தேள்?”

பிறகு என்னைப் பார்த்து, “அது கத்தினா கத்தட்டும்ப்பா. நின்னா போறும்” என்றார்.

பெட்ரோல் விட்டு டிரம்மைக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது பிரேக் கட்டை வைத்தேன். டிரம்மில் ஆழமாக வரி விழுந்திருந்ததால் சத்தம் முழுக்கப் போகவில்லை. புது டிரம் அப்போது லேசில் கிடைக்காது. மத்தியானம் ஜானகி அம்மா அதே கீச் கீச்சோடு ஏறி உட்கார்ந்து செம்பூர் போனார். தெரு திரும்பித்தான் பார்த்தது.

அந்த வண்டியை அப்புறம் உல்லாஸ்நகர்க்காரர் ஒருவர் வாங்கிப் பிரித்துப் போட்டார். விச்சு சாரும் போய்விட்டார். துக்கம் விசாரிக்கப் போனபோது ஜானகி அம்மா சொன்னார்: “தெருக்கோடில சத்தம் கேட்டதும் காப்பிக்குப் பால் வெப்பேன். அதுக்கப்புறம் வாங்கின வண்டியெல்லாம் ஊமை. வாசல்ல வந்து நின்னாத்தான் வந்தார்னே தெரியும்.”

உங்கள் வீட்டிலோ ஆபீஸிலோ வண்டி வைத்திருப்பவர்கள் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பிரேக் கத்தினால் மெக்கானிக்கிடம் போகட்டும். எண்ணெய் மட்டும் காட்ட வேண்டாம். வீட்டில் ஒருவர் காத்திருப்பார்.