பங்கு போட்ட பிழை

சேவையர்மார் வெயிலில் வெந்து இந்தத் தேசத்தை அளந்தார்கள் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்குச் சிரிப்பு வரும். ஐம்பதுகளின் கடைசியில் நான் வவுனியாவில் நில அளவைக் கந்தோரில் படம் கீறுபவனாக இருந்தேன். எங்கள் சேவையர் காட்டுக்குப் புறப்பட்டால் அவருக்கு முன்னால் ஒரு சாய்மனைக் கதிரை போகும், தேநீர்க் கேத்தல் போகும், பிறகுதான் அளக்கும் கருவி போகும். நிழலுள்ள பாலை மரம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் அவருடைய அளவை தொடங்கும். நாங்கள் அவரைத் துரை என்போம். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

அவர் கொண்டுவரும் அளவைப் புத்தகத்தில் உள்ள எண்களை மெழுகுத் துணியில் படமாக்குவது என் வேலை. அந்தத் துணியில் விழுந்த கோடுதான் அரசாங்கத்தின் கோடு. மயிரிழை போலக் கோடு கீறுவான் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஒரு ஆவணியில் கண்டாவளைப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர்களின் காணிகளை அளக்கப் போனார்கள். ஒரு சங்கிலி அறுபத்தாறு அடி. இரண்டு பேர் அதை இழுப்பார்கள். முன்னுக்குப் போகிறவர் ஒவ்வொரு சங்கிலி முடிவிலும் ஒரு இரும்புக் கம்பியைக் குத்துவார், பின்னுக்கு வருகிறவர் அதைப் பிடுங்கிக்கொண்டு வருவார். கோடு முடியும்போது கையில் எத்தனை கம்பியோ அத்தனை சங்கிலி. கூடவே நின்று எண்ண வேண்டியது சேவையர். ஆறாவது கோட்டை இழுத்த அன்று முகாமுக்கு மரை இறைச்சி வந்திருக்கிறது. துரை எழும்பிப் போய்விட்டார். பற்றைக்குள் ஒரு கம்பி பிடுங்கப்படாமல் நின்றுவிட்டது. சங்கிலி இழுத்தவர்களே இதைப் பிறகு எனக்குச் சொன்னார்கள்.

அந்தக் காணிகள் எல்லாவற்றையும் சுற்றிப் பன்னிரண்டு கோடுகள். சுற்றி வந்தால் தொடங்கிய புள்ளியில் போய் முட்ட வேண்டும். என் மேசையில் அது முட்டவில்லை. சரியாக அறுபத்தாறு அடி வாயைப் பிளந்துகொண்டு நின்றது, அதுவும் ஆறாவது கோட்டின் திசையிலேயே. பிழை எந்தக் கோட்டில் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. கணக்கை ஒரு தாளில் போட்டுத் துரையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அந்த ஒரு கோட்டை மட்டும் திரும்ப அளந்தால் போதும் என்றேன்.

அப்போது ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. அவர் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். "ஆர் ஐசே இந்தச் சேத்துக்குள்ள திரும்பப் போறது? பங்கு போடும்" என்றார்.

ஓரடி, இரண்டடி வித்தியாசத்தை எல்லாக் கோடுகளுக்கும் பிரித்துக் கொடுப்பது எங்கள் தொழிலில் வழக்கம்தான். அது நேர்மையான வேலை. ஒரு முழுச் சங்கிலியைப் பிரிப்பது வேறு. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்க முடியாது என்பார்கள். நாங்கள் அதைப் பன்னிரண்டு துண்டாக வெட்டிப் பன்னிரண்டு இலையில் வைத்தோம். படம் அழகாக முட்டியது. துரை கையெழுத்து வைத்தார். கணக்குத்தாளை என் மேசை லாச்சிக்குள் போட்டேன்.

அளந்தபோது எல்லைக்கு மரக்கட்டைகள்தான் அடித்திருந்தார்கள். அடுத்த வருடம் படத்தைப் பார்த்துக் கல் நட்டார்கள். கட்டை நின்ற இடத்தில் கல் விழவில்லை. சில வாரம் கழித்து அங்கே குடியேறிப் பயிர் செய்த ஒரு கமக்காரர் பஸ் ஏறிக் கந்தோருக்கு வந்தார். கையில் ஒரு போத்தல் தண்ணீர்.

அந்தப் பக்கம் தண்ணீர் உவர். அவரும் மனைவியுமாக இரண்டு கிணறு வெட்டி இரண்டையும் கைவிட்டு, மூன்றாவதில்தான் நல்ல தண்ணீர் கண்டிருக்கிறார்கள். கட்டைக்கு உள்ளேதான் வெட்டினார்கள். இப்போது கல் கிணற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கிறது. கிணறு வாய்க்காலுக்கென்று ஒதுக்கிய அரசாங்கக் காணிக்குள் போய்விட்டது, மூடச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. மிளகாய்க் கன்றுக்கும் குடிக்கவும் வேறு தண்ணீர் இல்லை என்றார். போத்தலைத் துரையின் மேசையில் வைத்து, "குடிச்சுப் பாருங்கோ ஐயா" என்றார்.

துரை போத்தலைத் தொடவில்லை. படத்தில் தண்ணீர் பட்டுவிடும் என்று அதை, ஒட்டியிருந்த என் மேசைப் பக்கம் தள்ளினார். பிறகு படத்தை விரித்து விரலால் தட்டிக்கொண்டு, "படம் சரி. நீர்தான் கிணத்தைப் பிழையான இடத்தில வெட்டியிருக்கிறீர்" என்றார். இப்படி ஒரு வசனத்தைச் சிரிக்காமல் சொல்லுகிற மனிதரை அதற்குப் பிறகு நான் காணவில்லை.

கமக்காரர் என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்களோ இதைக் கீறினது?"

ஓம் என்றேன். அவர் குனிந்து கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார்.

"வடிவாத்தான் கீறியிருக்கிறியள்."

அவர் குத்திக் கதைக்கவில்லை. உண்மையாகவே சொன்னார்.

கணக்குத்தாள் என் முழங்காலுக்கு நேரே லாச்சிக்குள் கிடந்தது. எடுத்து மேசையில் வைத்திருந்தால் போதும். அந்த மாதம் என் வேலை நிரந்தரமாவதற்குத் துரையின் கையெழுத்து வேண்டியிருந்தது. நான் லாச்சியைத் திறக்கவில்லை. கமக்காரர் கும்பிட்டுவிட்டுப் போனார். போத்தலில் இருந்ததை நான் குடித்தேன். நல்ல தண்ணீர்தான்.

மாரிக்கு முன்பே கிணற்றை மண் போட்டு மூடினார்கள். படத்தில் கிணறு குறிக்கும் வேலை மிச்சம் என்று துரை சொன்னார். அவரை நான் இன்றைக்கும் மதிப்பதில்லை. ஆனால் கம்பி தவறியபோது அவர் அந்த இடத்தில் இருக்கவில்லை. நான் எல்லாம் தெரிந்துகொண்டு, கை நடுங்காமல், மெல்லிய பேனையால் கீறினேன்.