தொட்டால் சாகும் வண்டு

வண்டுகளை நான் ஐந்து வகையாகப் பிரித்தேன். டீச்சர் கேட்ட வகைகள் வேறு. முதுகின் நடுவே நேர்கோடு ஓட, இரண்டு ஓடுகள் இறகை மூடியிருந்தால் அது வண்டு. இறகுகள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகப் படிந்திருந்தால் அது வண்டே அல்ல, வேறு பூச்சி என்று கரும்பலகையில் வரைந்து காட்டினார். அதன்பிறகு உணர்கொம்பின் வடிவம், வாயின் நீளம், பாதத்தில் எத்தனை கணு என்று பார்த்துக் குடும்பம் பிரிக்க வேண்டும். கணுவை எண்ண உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. அது டீச்சரின் மேசை இழுப்பறையை விட்டு வெளியே வராது. அதனால் தொட்டால் என்ன செய்கிறது என்று பார்த்துப் பிரித்தேன்.

கல்லுக்கு அடியில் இருக்கும் கறுப்பு வண்டுகள் ஓடும். விறகுக்கட்டில் வரும் நீளக்கொம்பு வண்டு கழுத்தை ஆட்டிக் கிரீச்சென்று கத்தும். பொறிவண்டு முழங்காலிலிருந்து மஞ்சளாகக் கசியும், விரல் நாறும். மெலிந்த பழுப்பு வண்டு ஒன்று, மல்லாக்கப் போட்டால் டக்கென்று சொடுக்கி எம்பும். ஐந்தாவது, மூக்கு நீண்ட கூன்வண்டு. அது தொட்டவுடன் செத்துவிடும். ஆறு காலையும் மடக்கி, இலையிலிருந்து உதிர்ந்து, விதை போலக் கிடக்கும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் அப்புத்தளைக்குக் கீழே, ஹல்துமுல்லைக்குப் போகிற பெரிய ரோட்டுக்கும் கீழே இருந்தது. அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். ஒற்றை அறைகள் வரிசையாக ஒட்டியிருந்த லயத்தில் எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் அம்மாவின் தங்கையான சித்தி இருந்தாள். சித்தப்பா குடித்துவிட்டு வரும் நாட்களில் சுவருக்கு அப்பால் முதலில் பாத்திரம் விழும், பிறகு சித்தி விழுவாள். பாத்திரம்தான் சத்தம் போடும். மடுல்சீமையிலிருந்த உறவுக்காரர் வீட்டுக்கு இரண்டு முறை ஓடிப்போனாள். இரண்டு முறையும் சித்தப்பா போய்க் கூட்டிவந்தார். இரண்டாம் முறை வந்தபோது அவளுக்கு முன்பல் ஒன்று இல்லை. இன்னொரு தடவை போனால் எங்கே இருந்தாலும் தேடிப்பிடித்து வெட்டுவதாக லயம் முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை என் வண்டுகளை ஒவ்வொன்றாகக் கோழியின் முன்னால் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடியதைக் கோழி துரத்தித் தின்றது. கத்தியதையும் தின்றது. கூன்வண்டை ஒரு தடவை கொத்தியது; அது அசையாமல் கிடக்கவும் விட்டுவிட்டு நடந்தது. சித்தி வந்து என் பக்கத்தில் குந்தினாள்.

"எம்புட்டு நேரம் இப்பிடிக் கெடக்கும்?"

"இருநூறு எண்ணுற வரைக்கும். மறுபடி தொட்டா மறுபடி மொதல்லேருந்து."

சித்தி அதன்மேல் ஊதினாள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். "ஒரு காலு கூட ஆடலயே. மூச்சு விடுதா இல்லியா?"

"விடும் சித்தி. வெளிய தெரியாது."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா, "பள்ளிக்கூடம் போகாதவளுக்கு இப்ப வண்டு பாடம் நடத்துது" என்று சிரித்தாள். சித்தி சிரிக்கவில்லை. அது எழுந்து நடக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கே மூடுபனி லயத்துக்குள் வந்துவிட்டது. அம்மா பெரிய குடத்தை எடுத்துக்கொண்டு மேலே ஊற்று விழும் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் வாசலில் நெருப்புப் பெட்டிகளில் வண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பாத்திரம் விழுந்தது. சித்தி விழுந்தாள். வழக்கமாக அதற்குப் பிறகும் சித்தப்பாவின் குரல் ஓயாது. அன்று ஓய்ந்தது.

எட்டிப் பார்த்தேன். அடுப்படியில் சித்தி மல்லாந்து கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது. காதோரம் ரத்தம். சித்தப்பா காலால் தள்ளிப் பார்த்தார். மூக்கருகே விரலை வைத்தார். செம்புத் தண்ணீரை முகத்தில் ஊற்றினார். தண்ணீர் திறந்த கண்ணுக்குள் ஓடியது; கண் இமைக்கவில்லை.

"புள்ள, சித்தியக் கூப்புடு."

கூப்பிட்டேன். அவள் எழவில்லை.

"நான் மெதுவாத்தான் தள்ளுனேன்" என்றார் சித்தப்பா என்னிடம், பெரிய ஆளிடம் சொல்வதுபோல. பிறகு செருப்புக்கூடப் போடாமல் கீழ் லயத்துப் பக்கம் ஓடினார். மூடுபனியில் நான்கடி போவதற்குள் அவர் மறைந்துவிட்டார்.

நான் சித்தியைத் தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். பனி வாசல் வழியாக உள்ளே வந்து அவள் காலை மூடியது. இருநூறு ஆனது. ஒன்றும் நடக்கவில்லை. முந்நூற்றைத் தாண்டியதும் எண்ணிக்கை குழம்பிவிட்டது. அப்போது அவள் கால் பெருவிரல் மெல்ல மடங்கியது.

எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"நீ என்னா பாத்த?"

"நீ செத்துட்ட."

"ஆமா. யாரு கேட்டாலும் அதையே சொல்லு."

பின்பக்கமாக இறங்கி, தேயிலைக்குள் மேல்நோக்கி ஏறினாள். செடிகள் கொஞ்ச நேரம் அசைந்தன.

சித்தப்பா நாலைந்து பேரோடு திரும்பி வந்தபோது தரையில் ஈரமும் ரத்தமும் மட்டும் இருந்தன. அவர் படியில் வைத்த காலைப் பின்னால் எடுத்தார். உள்ளே போகவே மாட்டேன் என்றார். ஆட்கள் என்னைக் கேட்டார்கள். செத்துப்போச்சு, பிறகு நான் பார்க்கவில்லை என்றேன். செத்தவள் எங்கே போவாள் என்று ஒருவர் கேட்டார்.

அந்த நேரம் அம்மா பீலியிலிருந்து வந்தாள். குடம் காலியாக இருந்தது. சித்தி செத்த சேதியைக் கேட்டவுடன் மாரில் அடித்துக்கொண்டு அலறினாள். பீலியில் நின்றபோது ஓடைப் பக்கமாக வெள்ளையாக ஏதோ நடந்துபோனதைப் பார்த்ததாகச் சொன்னாள். ஆம்பிளைகள் எல்லாரும் கீழே ஓடைக்கு ஓடினார்கள். பீலியிலிருந்து ஓடை தெரியாது. அம்மா துக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்தேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவள் காதருகே போய், "அழுவாத அம்மா, சித்தி எந்திரிச்சி..." என்று தொடங்கினேன். அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. எனக்கு மூச்சு முட்டியது. இன்னொரு கையால் மாரில் அடித்தபடி தங்கச்சி, தங்கச்சி என்று கதறிக்கொண்டே இருந்தாள். மேலே பெரிய ரோட்டில் கொழும்பு பஸ் ஹாரன் அடித்து, வளைவு திரும்பிப் போனது. அதன் சத்தம் அடங்கிய பிறகே கையை எடுத்தாள்.

ஓடையில் மூன்று நாள் தேடினார்கள். தானே கொன்றதாகச் சித்தப்பா பொலிசில் போய்ச் சொன்னார். உடல் இல்லாததால் அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு அவர் அந்தக் காம்பராவுக்குள் படுத்ததில்லை. பனி இறங்கும் நேரங்களில் சித்தி முகம் நனைந்தபடி வாசலில் நிற்பதாகச் சொல்வார். சொல்லும்போது நமக்கே அந்தப் பக்கம் திரும்பப் பயமாக இருக்கும். குடியை விட்டார். ஒருவரையும் தேடிப் போகவில்லை.

எட்டாம் வகுப்போடு நான் படிப்பை விட்டு ஊர் ஊராக வேலைக்குப் போகத் தொடங்கும்வரை, ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் அம்மா சித்திக்குப் படையல் போட்டாள். சித்தப்பாவைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்து, சித்திக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, இலையைப் பார்த்துக் கண்ணீர் வழிய அழுவாள். சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு வருடமும் வாய்வரை வரும். சித்திக்குக் கொடுத்த வாக்கை நினைத்து அடக்கிக்கொள்வேன். அம்மா பாவம், அவளுக்கு ஒன்றுமே தெரியாது என்று எண்ணிக்கொண்டு, அந்தப் படையல் சோற்றை அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.