நாளைய தேதியில் ஓடிய கணினி

நான் வேலை பார்த்த ஏலக்காய் எஸ்டேட்டில் மூன்று கணினிகள்: போடி அலுவலகத்தில் ஒன்று, மேலே மலையில், காய் உலர்த்தும் போடிமெட்டு ஸ்டோரில் ஒன்று, என் மடிக்கணினி. எதில் ஓரிரு எழுத்தைத் தட்டினாலும் முழுச் செய்தி விரியும்படி குறுக்குவழிகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் மாற்றினால் மற்ற இரண்டிலும் மாறும். 'ஜீ' என்று தட்டினால், காலை ஜீப்பு எங்கெங்கே நின்று ஆள் ஏற்ற வேண்டும் என்ற பட்டியல் வரும். அலுவலகத்துக்கு முதலில் வரும் அண்ணன் அதைப் படிக்காமலே டிரைவருக்கு அனுப்பிவிடுவார். யாரும் படிக்க வேண்டியிருக்கக் கூடாது என்றுதான் நானும் அப்படிச் செய்தேன்.

சிலமலையிலிருந்து காய் எடுக்கப் போகும் ஓர் அக்காவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. மெயின் ரோடு வரை நடக்க முடியவில்லை. அவர் தெருமுனையைப் பட்டியலில் சேர்த்தேன். மறுநாள் ஜீப்பு நிற்கவில்லை. பார்த்தால் அந்த வரியே இல்லை. திரும்பச் சேர்த்தேன். அடுத்த நாளும் காணோம். மூன்று நாள் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள்.

மூன்றாம் நாள் காலையில் அக்கா போன் செய்தார்.

"ஏத்தா, ஒன் மிசினுக்கு என் மேல என்ன கோவம்? வெரசா எந்திரிச்சு வந்து நிக்கிறேன், புழுதியப் பூசிட்டுல்ல போகுது ஜீப்பு!"

அன்றுதான் அந்தப் பட்டியல் கோப்பின் தேதியைக் கவனித்தேன். கடைசியாக ஸ்டோர் கணினியில் சேமிக்கப்பட்டிருந்தது. தேதி, நாளையது. ஸ்டோர் சூப்பர்வைசரைப் போனில் கூப்பிட்டேன்.

"கரண்டு போயி வந்தா தேதி கண்டபடி காட்டுதும்மா. நாந்தேன் காலண்டரப் பாத்துச் சரி பண்றேன்."

"காலண்டர எப்பண்ணே கிழிப்பீங்க?"

"சாயங்காலமே கிழிச்சிருவேன். நாளைக்கு ராவுகாலம் பாக்கணும்ல?"

புதிய தேதியுள்ள கோப்பே நிலைக்கும் என்பது நான் வைத்த விதி. அவருடைய கணினி ஒரு நாள் முன்னால் ஓடி, தினமும் தன் பழைய பட்டியலையே நாளைய தேதியில் சேமித்ததால், என் திருத்தம் ஒவ்வொரு முறையும் பழசாகிப் போயிற்று.

கணினிக்குள் தேதியைக் காக்கும் பேட்டரியை மாற்றுவது, தேதியைத் திருத்துவது, வரியைச் சேர்ப்பது என்று தாளில் எழுதிக்கொண்டிருந்தபோதே பட்டியல் தானாக மாறியது. 'தேவாரம் விலக்கு' என்று, தேவாரம் ஊருக்கு ரோடு பிரியும் இடத்தைச் சொல்லும் ஒரு புது வரி, மூன்று கணினிகளிலும்.

"அந்தப் பொம்பள மூணு நாளா வரலைல்ல? ஆளப் போட்டாச்சு. புது ஆளு நிக்கிற எடத்த நாந்தேன் டைப் அடிச்சேன். ஒழுங்கா வந்துச்சா?" என்றார் சூப்பர்வைசர், மறுபடி போன் செய்து.

"அவங்க தெனமும் நின்னாங்கண்ணே. ஜீப்புதான் நிக்கல."

"அதுக்கு நான் என்னம்மா பண்ண? மொதலாளி சொல்லிட்டாரு."

சிலமலை வரியை முதல் நாளே அவருடைய கணினியில் டைப் அடிக்கச் சொல்லியிருந்தால் அழிந்திருக்காது.

சாயங்காலம் அக்காவே கூப்பிட்டார். "மிசினச் சரி பண்ணிட்டியாத்தா?"

"பண்ணிட்டேன்க்கா," என்றேன். "நாளைக்கு நீங்க வந்து நிக்க வேணாம்."