மேட்டிலிருந்து போட்ட பந்து

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வேகப்பந்து போடுகிறவனுக்கு அது வேண்டும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். எண்பதுகளின் தொடக்கத்தில் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்தும் வேலை. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட். எனக்குக் கீப்பர் என் மனைவியின் அண்ணன். தோட்டத்து ஜீப்பை ஓட்டுகிறவர்.

எங்கள் மைதானம் ஒரு சரிவு. கீழிருந்து மேல்நோக்கிப் போட்டால் பந்து செத்துவிடும் என்பதால் எல்லா ஓவரும் மேட்டிலிருந்துதான். ஓவர் முடிந்தால் பேட்ஸ்மேன்கள்தான் இடம் மாறுவார்கள். ஒரு நாள் லீவில் மலை இறங்கி ஏற எங்களுக்கு ஏது நேரம்? போடி, தேவாரம் ஆட்கள்தான் ஜீப்பேறி வந்து, கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டு, தோற்றுவிட்டுப் போவார்கள். அப்படித் தோற்ற ஒருவர்தான், மதுரையில் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று என் பெயரையும் மச்சான் பெயரையும் கொடுத்தார். அந்த இடத்துக்கு நான் ஆசைப்பட்ட அளவுக்கு என் கல்யாணத்துக்குக்கூட ஆசைப்பட்டதில்லை. இதை வீட்டில் படிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

மதுரை மைதானம் தோசைக்கல் மாதிரி சமமாக இருந்தது. என் முதல் பந்து பாதி வழியிலேயே குத்தி எழுந்தது. பேட்ஸ்மேன் அதை வேலிக்கு அனுப்பினான். அடுத்ததும் அப்படியே. இன்னும் வேகமாக ஓடிப் போட்டேன், இன்னும் வேகமாக வேலிக்குப் போனது. தேர்வாளர் கொட்டாவி விட்டார்.

மச்சான் ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தார்.

“மாப்ளே, நீ நம்ம மேட்டு அளவுலயே போடுறே. அங்க எறக்கத்துல பந்து தூரமாப் போயி விழும். இது சமதரை. அவன் கால் வெரலைப் பாத்துப் போடு.”

“பந்து போடுறது நானா நீங்களா? போயி உங்க சோலியப் பாருங்க மச்சான்!”

மைதானமே திரும்பிப் பார்த்தது. அவர் மறுபடி ஸ்டம்புக்குப் பின்னால் போய்க் குனிந்து நின்றார். நானும் வீம்புக்கு அடுத்த ஓவர் முழுக்க அதே மாதிரி குத்தினேன். பந்துகள் அவர் தலைக்கு மேலே எகிறின. எம்பி எம்பிப் பிடித்தார், இரண்டு நழுவிவிட்டன. தேர்வாளர் தாளில் ஏதோ எழுதினார்.

“உங்களுக்கு இதுதான் கடைசி ஓவர்” என்றார்கள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது, பயத்தோடு புத்தியும் வந்தது. பேட்ஸ்மேனின் கால் விரலைப் பார்த்துப் போட்டேன். நடு ஸ்டம்பு பிடுங்கிக்கொண்டு போனது. அடுத்து வந்தவனுக்கும் அதே கதி. கொட்டாவி விட்டவர் எழுந்தே நின்றுவிட்டார்.

சாயங்காலம் பட்டியல் வாசித்தார்கள். என் பெயர் இருந்தது, மச்சான் பெயர் இல்லை. “கீப்பர் பந்தை நழுவ விடுறாரே” என்றார் தேர்வாளர். அது என் தப்பு என்று சொல்ல வாய் திறந்தேன். எங்கே என் பெயரையும் அடித்துவிடுவார்களோ என்று மூடிக்கொண்டேன்.

போடி ரயிலில் ஆண்டிபட்டி தாண்டியபின் தாங்கமுடியாமல் சொன்னேன்: “மச்சான், அந்த ரெண்டு பந்தும் என்னால போனது. அவர்கிட்ட நான் சொல்லல.”

“தெரியும் மாப்ளே. நீ வாயைத் தொறந்து மூடுனதைப் பாத்தேன்ல.” முறுக்கை ஒடித்து எனக்குப் பாதி நீட்டினார். “அட, அத விடு. இனிமே உன் பந்தையும் வாயையும் சேத்துப் பிடிக்கப்போறான் பாரு ஒருத்தன், அவனை நெனச்சாத்தான் பாவமா இருக்கு.”

சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அழுதும் விட்டேன், வெட்கமில்லாமல்.

நான்கு ஆண்டுகள் மாவட்டத்துக்கு ஆடினேன். சந்தோஷமான ஆண்டுகள், பொய் சொல்லக்கூடாது. நல்ல நல்ல கீப்பர்கள் அமைந்தார்கள். நான் தப்பாகப் போட்டால் ஒருவரும் ஓடி வந்ததில்லை. பேசாமல் பந்தை எடுத்துத் திருப்பி எறிவார்கள்.