சித்தப்பா கொண்டுவந்த மலைச் சாம்பல்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வேலை இருந்தது. அப்பா பகலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார், பின்னேரத்தில் அலுவலகங்களில் நிலம் துடைத்தார். அம்மா விடிய முன்னரே பஸ் பிடித்துப் போய், ஒரு தொழிற்சாலையில் நின்ற நிலையில் பிஸ்கட் பெட்டிகளை அடுக்கினார். எட்டு வயதான எனக்கும் ஒரு வேலை இருந்தது. அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் இடையில் கதை காவுவது.

"சித்தப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று அம்மா குசினியில் நின்று சொல்வார். ரொறொன்ரோவின் ரெக்ஸ்டேலில் நாங்கள் இருந்த அந்த அப்பார்ட்மெண்டில் குசினிக்கும் சித்தப்பா படுக்கும் சோபாவுக்கும் இடையில் ஒரு சுவர்கூடக் கிடையாது. அம்மா சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் நான் போய்ச் சொல்லும்வரை அசையமாட்டார். "பிறகு சாப்பிடுறன் எண்டு சொல்லு" என்பார். அதையும் நான் திருப்பிக் கொண்டுபோவேன். எனக்கு இந்தப் பதவியில் பெருமைதான். வீட்டில் களைக்காமல் வேலை செய்த ஒரே ஆள் நான்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. அவரும் அம்மாவின் தம்பியான என் மாமாவும் ஒரே வயதுக்காரர்கள், ஊரிலிருந்து ஒன்றாகப் புறப்பட்டவர்கள். வழியில் ஓர் இராணுவச் சோதனைச் சாவடியில் இரண்டு பேரையும் இறக்கினார்களாம். சித்தப்பாவைப் போகச் சொன்னார்கள், மாமாவை நிற்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு மாமாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சித்தப்பா மட்டும் ரொறொன்ரோ வந்து சேர்ந்தார். அப்பா ரெலிபோனில் யாருக்கோ மெல்லிய குரலில் சொன்னதிலிருந்து நான் பொறுக்கியெடுத்தது இவ்வளவுதான்.

அம்மா அதைப் பற்றிச் சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை, கோபித்ததும் இல்லை. மீன் கறி வைத்தால் நடுத்துண்டு சித்தப்பாவின் சோற்றுக் கோப்பைக்குத்தான் போகும். பேச்சு மட்டும் என் வழியாகப் போகும்.

ஒரு வருடம் பனி கரைந்ததும், மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் மரம் நடுவதற்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சித்தப்பா போனார். அவ்வளவு தூரம் போய்ப் பாடுபட வேண்டிய அவசியம் என்ன என்று அப்பாவுக்கு விளங்கவில்லை. கோடை முழுக்க எனக்கு வேலையில்லாமல் போயிற்று.

இலைகள் நிறம் மாறத் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், நாள்கணக்கில் பஸ்ஸில் குந்தியிருந்த அலுப்போடு அவர் திரும்பி வந்தார். முகம் கறுத்து, விரல்கள் வெடித்திருந்தன. சப்பாத்து மடிப்புகளில் வெள்ளைத் தூசி. பையிலிருந்து, சாம்பல் நிரப்பிய ஒரு பால்மாத் தகர ரின்னையும், தேங்காய் அளவில் ஒரு சாம்பல் நிறக் கல்லையும் எடுத்தார்.

"பிடி பிள்ளை" என்றார்.

கல் பாரமாக இருக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வாங்கினேன். கை மேலே போய்விட்டது. காலையில் வெட்டித் தின்னும் ஒரு முழுப் பாணின் கனம்தான் இருந்தது. குசினித் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதைப் போட்டார். கல் மிதந்தது.

சித்தப்பா அவ்வளவு பேசி நான் அதற்கு முன்னர் கேட்டதில்லை. அந்த மலை எப்போதோ ஒரு காலத்தில் நெருப்பைக் கக்கியதாம். மலைச்சரிவு முழுக்க அப்படிப்பட்ட கல்லும் சாம்பலும்தானாம். அதன் மேல்தான் காடு நிற்கிறதாம்.

"மேலை ஒரு சாண் கறுப்பு மண். மண்வெட்டியைப் போட்டால் கீழை முழுக்கச் சாம்பல். சத்தமே வராது. ஏறேக்கை ரெண்டடி வைச்சால் ஒரு அடி கீழை சறுக்கும்" என்றார். கன்றை வைத்துக் குதியால் இறுக்கி மிதிக்க வேண்டுமாம். மிதிக்காவிட்டால் குளிர்காலத்தில் மண்ணுக்குள் தண்ணீர் உறைந்து, கன்றை வேரோடு மேலே தள்ளிவிடுமாம்.

"சாம்பலிலை எப்பிடி மரம் வளரும்?"

"உந்தக் கல்லெல்லாம் தண்ணியைக் குடிச்சு வைச்சிருக்கும். வேர் கேட்டால் குடுக்கும்."

"எரிஞ்ச மலையெண்டு மரத்துக்குத் தெரியாதோ?"

சித்தப்பா மிதந்த கல்லை விரலால் அமுக்கினார். "தெரியும்போலை. தெரிஞ்சும் எங்கை போறது?" என்றார்.

பள்ளியில் அப்போது எரிமலைப் பாடம் நடந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை ரின்னையும் கல்லையும் கொண்டுபோய் ரீச்சருக்குக் காட்டுவதென்று முடிவு செய்தேன். வகுப்பில் நான் வாய் திறப்பதே குறைவு. மிதக்கும் கல்லைக் காட்ட ஆங்கிலம் தேவையில்லை.

அந்த நேரம் பார்த்து, மல்லித்தூள் கேட்டுக்கொண்டு மேல்மாடி அன்ரி வந்தார். மட்டக்களப்புக்காரர், பக்தி கொஞ்சம் கூடுதலானவர்.

"இதென்ன தம்பி, ரின்னுக்குள்ள?"

"மலைச் சாம்பல்."

"எந்த மலை?"

"மேற்காலை. பெரிய மலையொண்டு."

அன்ரிக்கு அது போதுமாக இருந்தது. குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம் என்றால், கனடாக் குன்று மட்டும் என்ன பாவம் செய்தது. "முருகா" என்று சொல்லி, ரின்னுக்குள் விரல் விட்டு நெற்றி நிறையப் பூசிக்கொண்டார்.

"இல்லை அன்ரி, இது..." என்று சித்தப்பா தொடங்கினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் அவர். அகதி விசாரணையில்கூட உள்ளதை உள்ளபடி சொல்லி வழக்கறிஞரைக் களைக்க வைத்தவர் என்று அப்பா சொல்வார்.

கதவடியில் அம்மா நின்றார். வேலை உடுப்பு இன்னும் மாற்றவில்லை. அன்ரியின் நெற்றியைப் பார்த்தார், ரின்னைப் பார்த்தார். பிறகு குளியலறைக்குப் போய்க் கைகால் முகம் கழுவிக்கொண்டு வந்தார். சித்தப்பாவுக்கு முன்னால் நின்று, வலது உள்ளங்கையை நீட்டினார்.

சித்தப்பா தொடங்கிய வசனம் அப்படியே நின்றது. ஒரு சிட்டிகை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார். பாதி நிலத்தில் கொட்டியது. அம்மா மிச்சத்தை நெற்றியில் பூசிக்கொண்டு அரிசி களையப் போய்விட்டார்.

மறுநாள் எங்கள் கட்டடத்தின் லிப்டில் ஏறி இறங்கிய தமிழர் எல்லோருக்கும் செய்தி தெரிந்திருந்தது. மகனுக்குப் பள்ளியில் சோதனை என்று ஒருவர் வந்தார், மாமியாருக்கு முழங்கால் என்று ஒருவர் வந்தார். எல்லோரும் கடதாசியில் மடித்துக் கொண்டுபோனார்கள். "கொஞ்சம் கடிக்குதெல்லே?" என்று ஒருவர் நெற்றியைச் சொறிந்தார். "சக்தியுள்ள திருநீறு கடிக்கும்தானே" என்றார் மேல்மாடி அன்ரி.

ஞாயிற்றுக்கிழமை ரின்னின் அடி தெரிந்தது. காலையில் அம்மா அதற்குள் விரலை விட்டு வழித்து எடுத்ததைச் சித்தப்பா பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்தார்.

"பிள்ளை, அந்தக் கல்லை ஒருக்காத் தாறியே?"

யாருக்கோ காட்டத்தான் கேட்கிறார் என்று கொடுத்தேன். அவர் அதைப் பழைய துணியில் சுற்றி, பல்கனிக்குக் கொண்டுபோய், இஞ்சி குத்தும் உலக்கையால் அடிக்கத் தொடங்கினார். நொறுங்கியதை மா அரிக்கும் அரிதட்டில் போட்டு ரின்னுக்குள் அரித்தார். நான் அழ, புளியங்கொட்டை அளவில் எஞ்சியிருந்த ஒரு துண்டை என் கையில் வைத்தார்.

"வேறை கல்லு?"

"மலை கனதூரம் பிள்ளை" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேரே அம்மாவிடம் போனேன். வாரத்தில் ஓய்வு கிடைக்கும் ஒரே மத்தியானம் அது. வீங்கிய கால்களைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு அவர் படுத்திருந்தார். உது திருநீறு இல்லை, எரிமலை மண், அங்கே கோயிலும் இல்லை குருக்களும் இல்லை, சித்தப்பா என் கல்லை உடைத்து உங்களைப் பேய்க்காட்டி ஏமாற்றுகிறார் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அம்மா துள்ளி எழும்புவார் என்று எதிர்பார்த்தேன்.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. "திருநீறு எப்பிடியிருக்குமெண்டு எனக்குத் தெரியாதே? பூசின நேரத்திலையிருந்து நெத்தி காந்துது" என்றார்.

"அப்ப ஏன் பூசுறீங்கள்?"

அம்மா தலையணை மேல் காலை மாற்றி வைத்தார்.

"சித்தப்பாவிட்டை எனக்குத் தர வேறை என்ன கிடக்கு?" என்றார்.

பிறகு சுவரைப் பிடித்து எழும்பிக் குசினிக்குப் போனார். சோற்றைப் போட்டார், கறிகளை வைத்தார். நான் வழக்கம்போலக் குசினி வாசலில் தயாராக நின்றேன். கோபத்திலும் கடமை தவறக்கூடாது. ஆனால் அம்மா என்னைப் பார்க்கவில்லை. பல்கனிப் பக்கம் திரும்பி, "தம்பி, வாரும் சாப்பிட" என்றார்.

நான் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அம்மா தம்பி என்று சொன்னால் அது மாமாதான்.

சித்தப்பாதான் வந்தார். முழங்கைவரை வெள்ளைத் தூசி, கண் இமையிலும் தூசி. கை கழுவிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அம்மா கரண்டியோடு பக்கத்தில் நின்றார்.

"அண்டைக்கு, இறக்கின நேரம், அவன் என்ன சேட்டு போட்டிருந்தவன்?"

சோற்றுக்குள் சித்தப்பாவின் கை நின்றது.

"நீலக்கோடு போட்டது, அண்ணி. நீங்கள் ஆரிட்டையோ குடுத்தனுப்பினது."

"முழுக்கைச் சேட்டு."

"ஓம். முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டிருந்தவன்."

"அளவு சரியோ?"

"தோளிலை கொஞ்சம் பெரிசு."

அம்மா தலையாட்டினார். குழம்பு ஊற்றினார். பிறகு பொத்தான் பற்றிக் கேட்டார், பையில் ஏதும் வைத்திருந்தானா என்று கேட்டார். சித்தப்பா ஒவ்வொன்றுக்கும் மெதுவாகப் பதில் சொன்னார். சோறு காய்ந்தது. இரண்டு பேரில் ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை.

கல்துண்டை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நான் வாசலிலேயே நின்றேன். என் வேலை போய்விட்டது என்பது மட்டும் விளங்கியது. அன்றைக்கு எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது, உடைந்துபோன கல்லைப் பற்றி, நாளைக்கு ரீச்சரிடம் என்ன சொல்வது என்பதைப் பற்றி. இவர்களோ, அவ்வளவு களைப்பிலும், ஒரு பழைய சட்டையைப் பற்றிப் பேசி முடிக்கிறார்களில்லை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.