ராஜபாண்டி தின்ற முதல் இட்லி

ராஜபாண்டிக்கு வயிறு சரியில்லை என்பது தாராவியில் எங்கள் சாலில், அந்த ஒண்டுக் குடித்தன வரிசையில், எல்லாருக்கும் தெரியும். வடாலாவில் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. ஏனென்றால் அவன் இட்லி விற்பது வடாலாவில். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனிடம் யார் இட்லி வாங்குவார்கள்? நானாக இருந்தாலும் வாங்க மாட்டேன்.

அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். விடியும் முன்பே அவன் மனைவி கோகிலவாணி இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றிவிடுவாள். அவன் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் இட்லியை அடுக்கி, சாம்பார் வாளியையும் சட்னித் தூக்கையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கியபடி கிளம்புவான். வடாலாவில் அவன் நிற்கிற கட்டடத்துக்கு எதிரே இருக்கிற லாரி கராஜில்தான் எனக்கு வேலை. அதனால் அவனை இரண்டு இடத்திலும் பார்த்தவன் நான்.

அவனுக்குத் தொழில் பழக்கிவிட்ட மாமன் ஒரு பழக்கத்தையும் சேர்த்துப் பழக்கிவிட்டிருந்தார். விற்று முடியும் வரை பாத்திரத்திலிருந்து ஒரு விள்ளல்கூட வாயில் வைக்கக் கூடாது. அவித்தவனே முதலில் தின்றால் அன்றைக்கு யாவாரம் படுத்துவிடுமாம். ராஜபாண்டி அதைச் சாமி வாக்கு மாதிரி வைத்திருந்தான். உச்சி வெயில் வரை கட்டிங் சாய் என்கிற அரை கிளாஸ் டீதான் அவனுக்குச் சாப்பாடு. ஒரு சாய், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சாய். சூடான இட்லியை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு, என்றைக்காவது மிஞ்சினால் ஆறிப்போனதைத் தின்பான். அதற்குள் வயிறு கல்லு மாதிரி உப்பிக்கொள்ளும். ஏப்பம் வந்தால் பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

எங்கள் சாலில் வைத்தியம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. ஓமத்தைக் கொதிக்க வைத்துக் கொடு என்றார்கள். கடுக்காய்ப் பொடி என்றார்கள். சுக்கு, சீரகம், வேப்பம்பூ என்று கோகிலவாணி எல்லாம் செய்து பார்த்தாள். முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, புண் எதுவும் இல்லை, நேரத்துக்குச் சாப்பிடு என்று சொல்லி அனுப்பினார்கள். நேரத்துக்குச் சாப்பிடு என்பதை அவன் மருந்தாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு தூரம் போனதற்கு ஒரு பாட்டில்கூடக் கொடுக்கவில்லையே என்றுதான் வருத்தப்பட்டான்.

அப்புறம்தான் மாட்டுங்காவில் ஆயுர்வேத மருந்துக்கடை வைத்திருக்கிற பத்ரிநாராயணனிடம் போனான். அவர் பாலக்காட்டுக்காரர். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு ஒரு டப்பா அஷ்ட சூர்ணம் கொடுத்தார். சுக்கு, மிளகு, திப்பிலி, பெருங்காயம் எல்லாம் சேர்த்து இடித்த பொடி. மூடியைத் திறந்தால் தெருமுனை வரை பெருங்காயம் மணக்கும்.

அந்த மணம்தான் வினையாகிவிட்டது.

வடாலாக் கட்டடத்தில் முதல் மாடியில் ருக்கு மாமி இருக்கிறார். அவர் வாங்கினால் கட்டடமே வாங்கும். ஒருநாள் காலையில் பாத்திரத்தை நீட்டினவர் மூக்கைச் சுளித்தார்.

"என்ன ராஜபாண்டி, உன் மேல பெருங்காயம் இப்படி மணக்கறது?"

"சாம்பார் வாசனை மாமி."

"சாம்பார் இங்க வாளியில இருக்கு. வாசனை உன் வாயிலன்னா வர்றது. வயறு சரியில்லையா? சொல்லிடு. ரெண்டு நாள் நாங்க உப்புமா கிண்டிக்கறோம்."

அவன் பல்லைக் காட்டிச் சிரித்து வைத்தான். கூட்டம் கலைந்ததும் சாலையைத் தாண்டி என்னிடம் வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணாச்சி, மாமி மோப்பம் புடிச்சிட்டு. இந்தக் கட்டடம் போச்சுன்னா நான் எங்கன போய் நிக்க? எல்லா முக்குலயும் ஆள் நிக்கான்."

"மருந்தக் குடிச்சும் கேக்கலயா வே?"

"எங்க கேக்கு. இப்போ உப்புசத்தோட எரிச்சலும் சேந்துக்கிட்டு. மணமில்லாத மருந்து ஏதாவது இருக்கான்னு கேக்கணும். நீங்களும் வாங்க."

சாயங்காலம் போனோம். பத்ரிநாராயணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"முதல் பிடி சாதத்துல நெய் விட்டுப் பிசைஞ்சு சாப்பிடச் சொன்னேனே, சாப்பிடறேளா?"

"டீயில கலக்கிக் குடிக்கேன் சாமி."

"டீயிலயா?"

"காலையில சோத்துக்கு எங்க போவ? டீதான் இருக்கு."

அவர் கண்ணாடியை மறுபடி மூக்கில் இறக்கிக்கொண்டு அவனைப் பார்த்தார். "காலி வயத்துல மிளகும் திப்பிலியும் போனா எரியாம என்ன பண்ணும்? சாதம் இல்லேன்னா இட்லியில போட்டுக்கோங்கோ. இட்லிதானே விக்கறேள்?"

"அதத் தொட முடியாது சாமி."

"அப்போ என்கிட்ட வேற மருந்து இல்லே."

வீட்டுக்கு வந்து நான்தான் கோகிலவாணியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் மாவு வழித்துக்கொண்டிருந்த கையோடு எழுந்து வந்தாள்.

"ஊருக்கே அவிக்கேன், கட்டுனவனுக்கு ஒரு இட்லி கெடையாது. ஒம்ம மாமன் என்னைக்கோ சொன்னாருன்னு சாவப் போறீரா?"

"யாவாரம் படுத்துட்டுன்னா?"

"நீரு படுத்துட்டா யாவாரத்த யாரு பாக்கா? ஒம்ம மாமனா?"

மறுநாள் சைக்கிள் கைப்பிடியில் ஒரு சின்ன நெய் டப்பா தொங்கியது. அதைத் தொடாமல் திரும்பிக் கொண்டுவந்தால் நாளைக்கு மாவு ஆட்ட ஆளைப் பாரும் என்று அவள் சொல்லி அனுப்பியது சுவர் தாண்டிக் கேட்டது.

வடாலாவில் அன்று அவன் வந்து நின்றதும் ஏழெட்டுப் பேர் சூழ்ந்துவிட்டார்கள். நான் கராஜ் வாசலில் நின்று பார்த்தேன். பாத்திரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறான், திறக்கவில்லை.

"அண்ணா, சீக்கிரம். ட்ரெயின் போயிடும்" என்றான் ஆபீசுக்குப் போகிற ஹரி.

ராஜபாண்டி மூடியைத் திறந்தான். ஒரு இட்லியை எடுத்தான். ஹரி நீட்டின தட்டில் வைக்காமல் தன் தட்டில் வைத்தான். உதிர்த்தான், பொடியைத் தூவினான், நெய்யை விட்டான். பெருங்காயம் என் மூக்கு வரை வந்தது. அவன் யாரையும் பார்க்காமல் பிசைந்து வாயில் வைத்தான்.

கூட்டத்தில் நின்ற ருக்கு மாமிதான் கேட்டார்.

"அப்போ வயறுதான்?"

"ஆமா மாமி. ரொம்ப நாளா. இட்லில ஒண்ணுமில்ல. நான் திங்காததுதான்."

"திங்கலையா? தினம் இவ்வளவு கொண்டு வரயே."

அவன் மென்று விழுங்கினான். "சூடா இன்னைக்குத்தான் திங்கேன்."

"எப்படி இருக்கு?"

அவன் இன்னொரு வாய் எடுத்துவிட்டு யோசித்தான். "உப்பு கொஞ்சம் கம்மி மாமி."

"ரெண்டு வருஷமா கம்மி. சொன்னா வருத்தப்படுவியேன்னு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு மாமி பாத்திரத்தை நீட்டினார்.

அன்றைக்கு இரண்டு பேர் வாங்காமல் போனார்கள். பாத்திரம் காலியாக வழக்கத்தைவிட நேரமானது. ஆனாலும் காலியானது. அடியில் கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பிப் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினான்.

வயிறு ஒரே நாளில் அடங்கிவிடவில்லை. இப்போதும் சாயைக் குறைக்கச் சொன்னால் கேட்பதில்லை, உப்புசம் எட்டிப் பார்க்கும். ஆனால் தினமும் முதல் இட்லி அவனுக்குத்தான்.

அவன் அந்த முதல் இட்லியைத் தின்றதற்கு மறுநாள் கோகிலவாணி மாவில் உப்பைக் கூட்டிப் போட்டாள். போடும்போது அவனைத் திட்டிய திட்டு, சுவர் இருந்தும் முழுசாகக் கேட்டது. தெருவில் நின்று என் இட்லிக்கு உப்பில்லை என்று சொன்ன இட்லிக்காரன் இந்தப் பம்பாயில் ஒருத்தன்தான் இருப்பான் என்றாள்.