ஏழாவது டைல்ஸில் நின்ற கொசு

என் தங்கை இன்று பஸ் டிப்போவில் எந்த வண்டியை யார், எத்தனை மணிக்கு எடுப்பது என்று அட்டவணை போடுகிறவள். முப்பத்திரண்டு ஓட்டுநர்கள் அவள் எழுதும் தாளைப் பார்த்துத்தான் வண்டியைக் கிளப்புகிறார்கள். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவுடன் டைல்ஸ் பதிக்கப் போனவன். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு டிப்போ கண்ணுக்கு வருவதில்லை. அவளுக்கு ஒன்பது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் ஹாலில் நடந்த டிராகன் சண்டைதான் வருகிறது.

அப்பா வேலை செய்த வீட்டில் குப்பைக்குப் போக இருந்த பெட்டி ஒன்றை எங்களுக்கு எடுத்து வந்தார். மந்திரவாதிகளும் பூதங்களும் புதையலும் உள்ள ஆட்டம். பகடை இரண்டும் நன்றாக இருந்தன. விதிப் புத்தகத்தில் பாதிப் பக்கம் இல்லை. ஆடும் பலகை ஈரத்தில் ஊறிக் கூழாகியிருந்தது. அதனால் ஹால் தரையே பலகையாயிற்று: நீளத்துக்கு எட்டு டைல்ஸ், அகலத்துக்கு ஆறு. திருகாணிகள் வீரர்கள். பழைய குழாய்த் தலை டிராகன். கதை சொல்லி ஆட்டத்தை நடத்துவது நான். கிழிந்துபோன விதிகளுக்குப் பதில் நானே ஒரு நோட்டில் எண் போட்டு, அடிக்கோடு இழுத்து எழுதி வைத்தேன். அப்போது எனக்குப் பதினான்கு வயது.

ஆட வருகிறவர்கள் எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனின் பிள்ளைகள், நெட்டையும் அவன் தம்பி ஆமையும். என் தங்கைக்கு அவர்கள் வைத்த பெயர் கொசு. தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவள் ஒரு மாதம் நச்சரித்த பிறகு நெட்டை ஒரு நிபந்தனை போட்டான்.

"சேத்துக்கறோம். ஆனா உன் ஆள் செத்தா அதோட சரி. அப்புறம் இந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது."

"சரி" என்று ஒரு பச்சைப் பொத்தானைக் கீழே வைத்தாள். அதுதான் அவளுடைய மந்திரக்காரி.

ஒன்பது ஞாயிறு தாக்குப்பிடித்தாள். பத்தாவது ஞாயிறு டிராகன் வந்தது. ஹாலின் நட்டநடுவில், புதையல்மேல் உட்கார்ந்திருந்தது. அதன் நெருப்பு ஆறு டைல்ஸ் தூரம் பாயும். முதல் சுற்றிலேயே நெட்டையின் திருகாணி சாம்பல். அடுத்த சுற்றில் ஆமையுடையது. மிச்சம் பச்சைப் பொத்தான் மட்டும். சமையலறை வாசலை ஒட்டி, டிராகனுக்கு மூன்றாவது டைல்ஸில் நின்றது. ஒரு தடவைக்கு நான்கு டைல்ஸ் நகரலாம். ஆனால் ஹாலில் எந்த மூலைக்கு ஓடினாலும் நெருப்பு எட்டிவிடும்.

"கொசுவுக்கு டாட்டா சொல்லுங்கடா!" என்று நெட்டை கை தட்டினான். தங்கை அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ குப்புறப் படுத்துத் தரையை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு பொத்தானைத் தள்ளினாள், வாசலுக்குள்.

ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒன்றரை அடி இடைவெளி உண்டு. அங்கே மட்டும் அப்பா மூன்று அங்குலச் சின்ன டைல்ஸ் பதித்திருந்தார். அதில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி நிறுத்தினாள். நகர்ந்தது ஒரே ஒரு அடிதான்.

"மூணும் நாலும் ஏழு. நெருப்பு ஆறுதானே அண்ணா?"

"ஏய், ஏமாத்துறா! அது குட்டி டைல்ஸ்!"

"பதினாலாம் விதியப் படிண்ணா."

நோட்டைப் புரட்டினேன். 'சின்னதோ பெரியதோ, ஒரு டைல்ஸ் ஒரு டைல்ஸ்தான். அளவு பார்க்கக் கூடாது.' போன மாதம் சுவர் ஓரத்து வெட்டுத் துண்டுகளுக்காக மல்லுக்கு நின்று அந்த விதியை எழுத வைத்ததே நெட்டைதான். அவன் முகம் சுருங்கிப்போயிற்று. ஆனாலும் விடவில்லை.

"இது கடையில ஒரே ஷீட்டா வலையில ஒட்டி வரும். நான் பாத்திருக்கேன். அப்போ எல்லாம் சேத்து ஒரே டைல்ஸ்தான்!"

இதற்கு என் நோட்டில் பதில் இல்லை. மொத்தமும் ஒன்று என்றால் தூரம் நாலுதான். தங்கை வெந்து போவாள். நால்வரும் சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் ஓடினோம். அவர் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது.

"ஷீட்டா? எவன்டா சொன்னது ஷீட்டுன்னு? நாலு வீட்டு வேலையில மிஞ்சின சில்லுடா அது. ஒண்ணொண்ணா எடுத்து, ஒண்ணொண்ணா ஒட்டினேன். ரெண்டு நாள் முதுகு நிமிர முடியல. ஷீட்டாம் ஷீட்டு!"

"அப்போ ஒவ்வொண்ணும் தனியாப்பா?" என்றாள் தங்கை.

"தனித்தனிதான். வேணும்னா எண்ணிக்கோ."

அவள் போட்ட கூச்சலில் தெருவில் போனவர் நின்று எட்டிப்பார்த்தார்.

"டிராகன நகத்துடா!" என்று நெட்டை என் தோளை உலுக்கினான். நகர்த்தலாம்தான். ஆனால் புதையலை விட்டு அது நகராது என்று முந்தின நாளே எழுதிவிட்டேன். எழுதியது எழுதியதுதான். மந்திரக்காரியின் மின்னலோ கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரை பாயும். அது பலிக்க, இரண்டு பகடையிலும் சேர்ந்து குறைந்தது பத்து விழ வேண்டும்.

உருட்டினாள். நாலு. நெருப்பு பாய்ந்து அவளுக்கு ஒரு சில்லு முன்னால் அணைந்தது. ஏழு. மறுபடி நெருப்பு, மறுபடி எட்டவில்லை. மூணு. இப்போது ஆமையே அவள் பக்கம் சாய்ந்துவிட்டான். "போடு கொசு, போடு!" என்று தரையைத் தட்டினான். ஒரு பகடை சுவரில் மோதித் திரும்பியது. ஆறு. இன்னொன்று சுழன்று சுழன்று, ஐந்து.

பதினொன்று! குழாய்த் தலையை நான்தான் கவிழ்த்தேன். அவளைவிட நான் அதிகமாகக் குதித்தேன் என்று அப்பா இன்றைக்கும் சொல்லுவார்.

நெட்டை தலையைச் சொறிந்தான். "சரி, இனிமே நீ நிரந்தரம்" என்றான்.

"அதெல்லாம் போதாது. அடுத்த வாரம் கதை சொல்றது நான். நீங்க மூணு பேரும் ஆடுங்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் நோட்டை அவளிடம் நீட்டினேன். நான்கு வருஷம் அதை அவள்தான் வைத்திருந்தாள். முதல் வாரமே, ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷத்துக்குள், என்னைப் பாழுங்கிணற்றில் தள்ளினாள்.